எஃப்.சி. டைட்

சுண்ணாம்புக் கோட்டின் மேல் முன்சக்கரம் ஏறியதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் "அடி" என்றார். அப்பாசாமி அடித்தான். பிரேக் கவ்வ, இருபத்து மூன்று வயதான அம்பாசிடர் மைதானத்து மண்ணைக் கிழித்துக்கொண்டு முன்னால் குனிந்து, ஒரு உலுக்கு உலுக்கி, நின்றேவிட்டது. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த அண்ணாமலையார் படத்திலிருந்து காய்ந்த பூ ஒன்று கழன்று பிரேக் இன்ஸ்பெக்டரின் மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி படத்திலேயே செருகிவிட்டு இறங்கினார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது சர்க்கார் வைத்த பெயர். அவர் விளக்கைப் பார்ப்பார், ஹாரனைப் பார்ப்பார், வைப்பர் ஆடுகிறதா என்று பார்ப்பார். ஆனால் வண்டி வைத்திருக்கிறவன் பயப்படுவது பிரேக் ஒன்றுக்குத்தான், அதனால் பெயரும் அதன்மேல் நின்றுவிட்டது. இந்த அன்பரசன் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் டாக்சி ஸ்டாண்டில் இருந்த ஒன்பது வண்டிகளில் ஐந்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். கை நீட்டுகிற ஆளாக இருந்தாலாவது பேசிப் பார்க்கலாம். இவர் டீ கூட வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுவருகிற மனிதர். இவரிடம் என்னத்தைப் பேசுவது?

அவர் சக்கரத் தடத்தின் ஓரமாகவே, செருப்புக்கு முன்னால் செருப்பு வைத்து அளந்துகொண்டு போனார். அப்பாசாமி ஸ்டியரிங்கை விடாமல் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக மழை இல்லை. காய்ந்த மண்ணில் தடம் இரண்டும் பளிச்சென்று விழுந்திருந்தது. இடதும் வலதும் ஒரே நீளம், கொஞ்சமும் கோணல் இல்லை. அன்பரசன் திரும்பி வந்து பானெட்டின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, இந்த நான்கு மாதத்தில் ஸ்டாண்டுக்காரர்கள் யாரும் பார்த்திராத ஒன்றைச் செய்தார். சிரித்தார்.

"எழுபத்தொண்ணு மாடலா இது? நேத்து வந்த புது வண்டிகூட இப்பிடி நிக்கலப்பா."

அப்பாசாமி கும்பிட்டான். நிமிராமல் கும்பிட்டதை அவர் பணிவு என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

அது எஃப்.சி. டைட். அந்த வார்த்தை ஸ்டாண்டுக்கும் மெக்கானிக் ராஜமாணிக்கத்தின் ஷெட்டுக்கும் வெளியே யாருக்கும் தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றிதழுக்கு, கொண்டுபோகிற அன்று காலையில், ராஜமாணிக்கம் அடியில் படுத்து, நான்கு சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிற சதுரத் திருகை முடிந்த மட்டும் முறுக்கிவிடுவார். உள்ளே இருக்கிற பிரேக் கட்டை, சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மை உரசிக்கொண்டே நிற்கும். கட்டைமேல் இருக்கிற லைனிங் தேய்ந்து ஆணி தெரிந்தாலும் காலை வைத்ததும் கவ்வும். மைதானத்துக்குப் போய் நான்கு அடி அடித்துக் காட்டிவிட்டு, உருட்டிக்கொண்டே நேராக ஷெட்டுக்கு வந்து திருகைத் தளர்த்திவிட வேண்டும். தளர்த்தாமல் ஓட்டினால் உரசி உரசிச் சூடேறி, கடைசியில் எரிந்துபோகும். "டெஸ்ட்டுக்கு மட்டுந்தான் அப்பாசாமி. வேங்கிக்கால் மைதானத்துல இருந்து ஷெட்டு, அதுக்கு மேல ஒரு அடி நகரக்கூடாது" என்று காலையில் கூட ராஜமாணிக்கம் ஸ்பானரை ஆட்டிச் சொல்லியிருந்தார்.

ஏமாற்ற வேண்டும் என்று அப்பாசாமிக்கு ஆசையா என்ன? புது லைனிங் வாங்கி டிக்கியில்தான் வைத்திருக்கிறான். டிரம் நான்கும் வரிவரியாகப் போயிருக்கிறது, வேலூரில் லேத்தில் கடைசல் பிடித்தால்தான் லைனிங் உட்காரும். கடைசல்காரன் பத்து நாள் ஆகும் என்றுவிட்டான். நாளை மறுநாள் அண்ணாமலையார் கோவிலில் தீபத்துக்குக் கொடியேற்றம். தீபம் முடிகிறவரை ஊருக்குள் வண்டி ஓட்டப் போலீஸ் கொடுக்கிற பாஸ், எஃப்.சி. இருக்கிற வண்டிக்குத்தான் கிடைக்கும். அந்தப் பத்து நாளை விட்டால் அப்புறம் வருஷம் முழுக்க ஸ்டாண்டில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். தீபம் முடிந்த மறுநாளே வேலூர் போய்விடுவது என்று மனைவி காசியம்மாளிடம் சத்தியம்கூடச் செய்திருந்தான்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, சாவியைத் திருப்பப் போகும்போது மைதானத்துக்குள் ஒரு ஆட்டோ வந்தது. வெள்ளைப் புடவையில் ஒரு பெண் இறங்கினாள். கையில் நீலநிறப் பெட்டி. அன்பரசனிடம் போய் ஏதோ படபடவென்று பேசினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மைதானத்தைப் பார்த்தார். பிறகு நேராக அப்பாசாமியைப் பார்த்தார்.

"இவங்க என் சம்சாரம், வேதா. நர்ஸு. ஜவ்வாது மலையில தடுப்பூசி கேம்ப். மலை பஸ்ஸு பிரேக்டவுனாம். மருந்து ஐஸ்ல இருக்கு, பதினோரு மணிக்குள்ள போய்ச் சேரணும். மீட்டர் போட்டு என்ன ஆவுதோ வாங்கிக்கப்பா. நீ கொண்டுபோய் வுட்டுரு."

அப்பாசாமி சாவியிலிருந்து கையை எடுத்தான்.

"சார், வண்டியில பெட்ரோல் கம்மியா..."

"முள்ளு முக்கால்ல நிக்குதே. இப்பத்தான பாத்தேன்."

"இல்ல சார், ஷெட்டுக்கு ஒரு தபா போய்ட்டு..."

"ஷெட்டுக்கு எதுக்கு? நல்லாத்தான இருக்குது?" அன்பரசன் பின்கதவைத் திறந்து பெட்டியைத் தானே உள்ளே வைத்தார். "இந்த ஊர்ல எத்தினி வண்டி இருக்குன்னு எனக்குத் தெரியும், அதுல எதுல இவங்கள ஏத்தலாம்னும் எனக்குத் தெரியும். அதான் உங்கிட்ட கேக்கறேன்."

வேறொரு நாள் அவர் இதைச் சொல்லியிருந்தால் அப்பாசாமிக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பட்டிருக்காது. ஷெட் தெற்கே ஊருக்குள் இருந்தது. போளூர் ரோடு வடக்கே. மைதானத்து வாசலில் நின்று அவர் கையாட்டிக்கொண்டிருக்க, அப்பாசாமி வடக்கே திருப்பினான்.

வேதா நன்றாகப் பேசுகிறவள். மலையில் குழந்தைகள் ஊசியைப் பார்த்தால் ஓடி மரத்தில் ஏறிக்கொள்வதைச் சொன்னாள், ஏறிய குழந்தையை இறக்கத் தாயும் ஏறுவதைச் சொன்னாள். அப்பாசாமி "ம்" போட்டான். அவன் காது முழுக்கச் சக்கரத்தில் இருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி ஓடவில்லை. யாரோ பின்னால் கயிறு கட்டிப் பிடித்திருப்பதுபோல் சுணங்கியது. மிதித்தால்தான் நகர்ந்தது. மிதித்தால் உள்ளே இன்னும் உரசும், இன்னும் சூடேறும். மெதுவாகப் போனால் ஐஸ் உருகும். முப்பதுக்கும் மேலே போகாமல், இருபதுக்கும் கீழே வராமல், அவன் ஏதோ முட்டைக்கூடையின் மேல் உட்கார்ந்திருப்பவன்போல் ஓட்டினான்.

"வேகமாப் போனா திட்டுவாருன்னு பயப்படறீங்களா?" வேதா சிரித்தாள். "வீட்ல ஸ்கூட்டர்ல பின்னாடி உக்கார வைக்கறதுக்கு முன்னாடிகூட மூணு தபா பிரேக்க அமுக்கிப் பாப்பாரு. எங்கண்ணன் வண்டியில என்ன ஏறவே வுட மாட்டாரு. உங்க வண்டியில தானே ஏத்தி வுட்டாருன்னா பாத்துக்கங்களேன்."

கொஞ்சநேரத்தில் பேச்சு நின்றது. கண்ணாடியில் பார்த்தான். பெட்டியின் மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, வேதா தூங்கிவிட்டாள். ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு அப்படியே வந்திருக்க வேண்டும். அவள் பேசிக்கொண்டிருந்ததே தேவலை என்று அப்பாசாமிக்கு இருந்தது. தன்னை நம்பித் தூங்குகிற முகத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவது கொடுமையாக இருந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பி வைத்தான்.

போளூருக்கு முன்னாலேயே வாடை வந்துவிட்டது. தீய்ந்த ரப்பரும் பழைய தகரமும் கலந்த வாடை. எந்த டிரைவருக்கும் தூக்கத்தில்கூடத் தெரியும் அது. புளியமரத்து நிழலில் ஒதுக்கிவிட்டு இறங்கி, பின்சக்கரத்தின் கிட்டே கையைக் கொண்டுபோனான். தொடாமலேயே சுட்டது. பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்து ஒரு சொட்டு உதறினான். சுர்ரென்று போனது.

"ஏதோ கருகற வாசன வருது?" தூக்கம் கலைந்த வேதா உள்ளேயிருந்து கேட்டாள்.

"முன்னால போன லாரிங்கம்மா" என்றான். சொன்ன கையோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தேவையே இல்லாமல் தண்ணீர் ஊற்றினான். அரைமணி நேரம் நிறுத்தினால் ஆறும். அரைமணி நேரம் ஏது?

மலை அடிவாரத்துக்கு வரும்போது மணி பத்தேகால். இந்த இறுக்கத்தோடு மலை ஏறினால் சக்கரமே பற்றிக்கொள்ளும். செக்போஸ்ட்டுக்கு முன்னால், கொய்யாப்பழம் விற்கிற பச்சையம்மாள் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். "ஒரு பத்து நிமிஷங்கம்மா, டயர் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கல்லெடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, ஸ்பானரோடு அடியில் புகுந்தான். புறங்கையில் சூடு பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு திருகையும் தளர்த்தினான். தளர்த்திவிட்டு வந்து சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தான்.

பெடல் தரையைத் தொட்டது.

இன்னொரு மிதி மிதித்தான். பாதியில் கொஞ்சம் தடுத்தது. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். காலையில் ஒரு நொடியில் கவ்விய பிரேக்கில் இப்போது கவ்வுவதற்கு எதுவும் மிச்சமில்லை. இருந்த நூலளவு லைனிங்கும் வழியிலேயே எரிந்துவிட்டது. எஃப்.சி. டைட் வைக்காமல் இருந்திருந்தால்கூட இதைவிடப் பிடித்திருக்கும்.

அப்பாசாமி மனசுக்குள் கணக்குப் போட்டான். ஏறுவதற்குப் பிரேக் வேண்டாம். முதல் கியரில், இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டே ஏறிவிடலாம். மேலே போனதும் ஒரு இறக்கம் வரும், அரை மைல். அங்கேயும் கியரில் பிடித்துக் கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டு இறங்கலாம். எதிரே பஸ் வராமல் இருக்க வேண்டும். மாடு குறுக்கே வராமல் இருக்க வேண்டும். அவளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது என்ன ஆனாலும் தன்னோடு போகட்டும். யாருக்கும் தெரியாது. அண்ணாமலையாரே, யாருக்கும் தெரியாது.

முன்கதவு திறந்தது. வேதா பெட்டியோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பின்னால உக்காந்தா வளைவுல எனக்கு வாந்தி வந்துரும்" என்று சொல்லிப் பெட்டியை மடியில் வைத்து, புடவைத் தலைப்பை அதைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். காலையில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்த அதே இடம். டாஷ்போர்டுக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அப்பாசாமி அந்த நான்கு விரலையே பார்த்தான். அவனுக்குப் பயமாக இருந்தது. பிழைப்பு போய்விடுமே என்ற பயத்தைக் காலையிலிருந்து சுமந்துகொண்டிருந்தான். இது அதில்லை.

"போலாமா?"

"அம்மா, நீங்க இதுல வராதீங்க."

"ஏன், டயர் பஞ்சரா?"

"பிரேக் புடிக்காதுங்க."

அவள் சிரித்தாள். "காலையிலதான அவரு..."

"காலையில புடிச்சது எஃப்.சி. டைட்டுங்கம்மா."

சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. திருகு, லைனிங், வேலூர் கடைசல், தீபத்துப் பாஸ் என்று ஒன்றுவிடாமல், முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான். கேட்டு முடித்து வேதா ஒரு பெருமூச்சு விட்டாள்.

"ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேட்டு எங்கிட்டயும் வருவாங்க. ஒடம்புல நூத்திரண்டு இருக்கும், மாத்திரைய முழுங்கிட்டு வந்து குளுகுளுன்னு நிப்பாங்க. நானும் தெர்மாமீட்டரப் பாத்து எழுதிக் குடுத்துருவேன்." பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குரல் மாறியது. "ஆனா நீங்க என்ன ஏத்திக்கிட்டு இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. நான் தூங்கிட்டு வந்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

புளி மூட்டை ஏற்ற மேலே போகிற டெம்போ ஒன்று செக்போஸ்ட்டில் வந்து நின்றது. அப்பாசாமி ஓடிப்போய்க் கேட்டு, முன்சீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தான். வேதா ஏறப்போனவள் நின்று டெம்போக்காரனிடம் கேட்டாள்: "ஏம்பா, இதுக்காச்சும் பிரேக் இருக்குதா?"

"நல்லா கேட்டீங்க போங்க" என்று டெம்போக்காரன் கெக்கெக்கென்று சிரித்தான். சிரித்தானே தவிர, இருக்கிறது என்று சொல்லவில்லை.

ஏறி உட்கார்ந்து பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டபின் அவள் அப்பாசாமியைக் கூப்பிட்டாள். "நான் வீட்டுக்கு வர எட்டு மணி ஆவும். வந்ததும் 'வண்டி எப்பிடி போச்சு'ன்னுதான் மொதல்ல கேப்பாரு. அவருகிட்ட நான் பொய் சொன்னதில்ல."

டெம்போ வளைவில் திரும்பி மறைந்தது. அதன் சத்தம் மேலே எங்கேயோ கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பாசாமி அது தேய்ந்து முடிகிறவரை நின்றான். நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று வேண்டிக்கொண்டான். அவளுக்காகவா, தனக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத வேண்டுதல் அது. பச்சையம்மாள் ஒரு கொய்யாப்பழத்தை நீட்டி, "இன்னாய்யா, முகம் பேயறைஞ்ச மாதிரி கீது?" என்றாள். வாங்கிக்கொண்டான், தின்னவில்லை.

உச்சிவெயில் தாழ்ந்தபிறகுதான் கிளம்பினான். திரும்பி வருகிற வழியெல்லாம் இரண்டாம் கியர்தான். சைக்கிள்காரர்கள் மணியடித்துத் தாண்டிப் போனார்கள். ஒரு ஆட்டு மந்தைக்காகக் கால் பர்லாங் முன்னாலிருந்தே பெடலைக் குத்திக் குத்தி, கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினான். மந்தைக்காரன் "இன்னா சாமி, அங்கியே நின்னுட்ட?" என்று கேலி செய்தான்.

மணி நாலரைக்கு வேங்கிக்கால் வந்தது. மைதானத்துக்குத் திரும்புகிற முனை கண்ணுக்குத் தெரிந்தது. திரும்பாமல் நேராகப் போனால் ஷெட். இந்நேரம் ராஜமாணிக்கம் அங்கே ஸ்டாண்டுக்கார இருசப்பனின் வண்டிக்கு அடியில் படுத்து மற்ற வேலை பார்த்துக்கொண்டிருப்பார். நாளைக்கு அவனுக்கு எஃப்.சி. இருசப்பனுக்கு அடுத்து இன்னும் மூன்று வண்டி. இந்த வார்த்தை மைதானத்தில் விழுந்துவிட்டால் தன் தாள் ஒன்று மட்டுமா கிழியும்? ஸ்டாண்டில் ஒருத்தன்கூட இனி தன்னோடு டீ குடிக்க மாட்டான். காசியம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். நேராகப் போய்விடலாம். எட்டு மணிக்கு அவர் தேடிக்கொண்டு வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தேடிக்கொண்டு வருகிறவரின் முகத்தையும் அவனுக்குத் தெரியும். இன்றைக்குக் காலையில்தான் அது சிரித்தது.

முனை வந்தது. கை தானாகவே ஸ்டியரிங்கைத் திருப்பியது என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம். தானாக இல்லை, அவன்தான் திருப்பினான்.

மைதானம் காலியாக இருந்தது. கோடியில் வேப்பமரத்தடியில் மேஜையை மடக்கிவைத்துவிட்டு அன்பரசன் பிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்தார். வண்டி உருண்டு, உருண்டு, அவரைத் தாண்டிக் கொஞ்சதூரம் போய் நின்றது. அதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

"நேரத்துக்குப் போய்ச் சேந்தாங்களா?"

"அடிவாரத்துல டெம்போல ஏத்தி வுட்டேன் சார்."

"டெம்போலயா? ஏன், வண்டிக்கு இன்னா?"

அவளிடம் சொன்னதுபோல் இவரிடம் சொல்ல முடியாது என்று தெரிந்தது. அப்பாசாமி எட்டி இடப்பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"சார், ஒரே ஒரு தபா ஏறி உக்காருங்க. காலையில பாத்தீங்களே, அதையே இன்னொரு வாட்டி பாருங்க."

அன்பரசன் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் புறங்கையில் கொப்புளம் போட்டிருந்த சூட்டுக் காயத்தைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அப்பாசாமி சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து அவருக்கு முன்னால் டாஷ்போர்டில் வைத்தான். வண்டியை மைதானத்தின் அடுத்த கோடிக்கு ஓட்டிப்போய்த் திருப்பினான். வேப்பமரத்தை விட்டு விலக்கி, காலி மண்ணைப் பார்த்து நேராக வைத்தான்.

முதல் கியர். இரண்டு. மூன்று. முள் நாற்பதைத் தொட்டது. சாயங்கால வெயிலில் சுண்ணாம்புக் கோடு வெளுத்துக் கிடந்தது, அதற்கு அப்பால் காலையில் விழுந்த தடம் இரண்டும் கலையாமல் அப்படியே இருந்தன. கைப்பிரேக் கதவோரம் இருந்தது. அப்பாசாமி வலது கையை அதன் பக்கம் விடாமல், அவர் கண்ணுக்குத் தெரியும்படி ஸ்டியரிங்கின் உச்சியில் வைத்துக்கொண்டான்.

முன்சக்கரம் கோட்டில் ஏறியது.

"அடி" என்றார் அன்பரசன்.

அப்பாசாமி அடித்தான். பெடல் தரைவரை போனது. டாஷ்போர்டிலிருந்த தாள் அசையவில்லை, படத்திலிருந்து பூ விழவில்லை. அன்பரசன் முன்னால் பார்க்காமல் குனிந்து அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் போட்ட தடம் இரண்டும் பானெட்டுக்கு அடியில் வந்து, நீண்டு, முடிந்துபோயின. அதற்குப் பிறகும் வண்டி போய்க்கொண்டிருந்தது.